நூற்றுப் பதினெட்டுக்குச் சேர வேண்டியவை

ஜனவரி 12

ராணுவ அகாடமியின் முதன்மை வாயிலுக்கு எதிரே கடை வைத்திருப்பவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் மகனுக்கு வந்த சேர்க்கைத் தாளின் அடியில், ‘விடுபட்ட பொருட்களை முதன்மை வாயிலுக்கு எதிரே உள்ள கடையில் வாங்கிக்கொள்ளலாம்’ என்று அச்சடித்திருந்தது. அதை நம்பித்தான் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் உங்கள் ஊர்த் தபால்காரர் கெட்டிக்காரர்.

மாதப் பிறப்பில் என் மகன் அந்த வாயிலுக்குள் அடிப்படைப் பயிற்சிக்குப் போனான். வெறுங்கையோடு போனான் என்றே சொல்ல வேண்டும். அவனுக்காக நான் ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தேன். பார்த்துப் பார்த்துக் கட்டியது. அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “நான் என்ன ஹாஸ்டலுக்கா போறேன்? இந்தப் பெட்டியோட போனா கேட்டுலயே சிரிப்பாங்க” என்றான். என் வாயும் சும்மா இருக்கவில்லை. “நாலு நாள்ல திரும்பி வரத்தானே போறே, பெட்டி இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தான். தோள்பையில் இரண்டு சட்டையைச் செருகிக்கொண்டான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிவிட்டான்.

நாலு நாள் எப்போதோ ஆகிவிட்டது. அவன் திரும்பவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. பொட்டலம் அனுப்பினேன். பயிற்சி முடியும்வரை வெளியிலிருந்து எதையும் ஏற்பதில்லை என்று முத்திரை குத்தித் திருப்பிவிட்டார்கள்.

நான் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளை அவரவர் அம்மாக்களோடு இணைத்துவிடுவதுதான் என் வேலை. என் பிள்ளைக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. உங்களுக்கும் போன் செய்திருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரிக்கு என் வீட்டுக் கதை தெரிய வேண்டாம் என்றுதான் கடிதம்.

அவனுக்கு அப்பா இல்லை. எனக்கு இவன் ஒருத்தன். அந்த மதிலுக்குள் ஒரு பையனுக்கு உண்மையில் என்னென்ன தேவைப்படும்? நான் அனுப்பினால் அவன் கையில் சேர்ப்பீர்களா?

இப்படிக்கு,
ஒரு தாய்


ஜனவரி 17

அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கெட்டிக்காரர் எல்லாம் இல்லை. இந்த வாயிலுக்கு எதிரே என் கடையையும் ஒரு பேருந்து நிறுத்தத்தையும் விட்டால் வேறொன்றும் கிடையாது.

உங்கள் பெட்டியில் என்ன இருந்தது என்று நான் பார்க்காமலே சொல்கிறேன். ஆறு சட்டை, வாசனைச் சோப்பு, ஸ்வெட்டர், பூப்போட்ட தலையணை உறை, டப்பா நிறைய பிஸ்கட். சரிதானா? எல்லா அம்மாக்களும் ஒரே பெட்டியைத்தான் கட்டுகிறார்கள். முதல் நாளே அதையெல்லாம் வாங்கி ஒரு கொட்டகையில் பூட்டிவிடுவார்கள். பிஸ்கட் மட்டும் எப்படியோ பூட்டுவதற்குள் காணாமல் போய்விடும். ஆகவே உங்கள் மகன் கவிழ்த்துவிட்டுப் போனது ஒரு வகையில் நல்லதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேண்டியது இவ்வளவுதான். கறுப்பு சாக்ஸ், எத்தனை இருந்தாலும் போதாது. காலுக்குப் பவுடர், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர். குளியலறைக்கு ரப்பர் செருப்பு. ஒரே சாவியில் திறக்கிற இரண்டு பூட்டு. ஊசி, நூல், பொத்தான். புது பூட்ஸ் மட்டும் வாங்கி அனுப்பிவிடாதீர்கள். புது பூட்ஸோடு வருகிறவன் அந்த வாரமே நொண்டுவான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உள்ளே எல்லாப் பொருளும் இரண்டு வேண்டும், உபயோகிக்க ஒன்று, அதிகாரிக்குக் காட்ட ஒன்று. அலமாரியில் அடுக்குகிற பல் பிரஷ்ஷில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கக் கூடாது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. அதனாலேயே பாதிப் பையன்கள் கட்டிலை அலங்காரமாக விட்டுவிட்டுத் தரையில் படுக்கிறார்கள். கட்டில் இருந்தும் தரைப் படுக்கை. என்ன சொல்ல!

நாலாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் என் கடைவரை வர விடுவார்கள். அப்போது கொடுத்துவிடலாம். உங்கள் மகனின் எண் என்ன? பெயர் உதவாது. பயிற்சி முடியும்வரை உள்ளே யாருக்கும் பெயர் கிடையாது, மார்பில் ஒரு எண்தான். கடைசி நாள் அணிவகுப்புக்கு ஒவ்வொரு பையனும் ஒரே ஒரு ஆளை அழைக்கலாம். அந்த ஆள் வந்து அவன் சட்டையில் பெயர்ப் பட்டையைக் குத்திவிட்டால்தான் அவனுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும். யாரையும் அழைக்காதவனுக்குப் பயிற்சியாளரே குத்திவிட்டுப் போவார்.

எண்ணை எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைக்காரன்


ஜனவரி 22

அண்ணனுக்கு,

அண்ணன் என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்க மாட்டீர்கள். தலையணை உறையில் பூ இல்லை, கோடு போட்டது. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடியேதான். படித்ததும் கோபமாகத்தான் வந்தது. பிறகு சிரித்துவிட்டேன்.

அவன் எண் எனக்குத் தெரியாது. எழுதினால்தானே தெரியும்! இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு அவன் எந்தக் கேமராவுக்கும் நிற்கவில்லை. ஆள் நல்ல உயரம், நிலைப்படியில் குனிந்துதான் வருவான். ஒல்லி. காது இரண்டும் கொஞ்சம் விரிந்திருக்கும். இடது கைக்காரன். எதையோ தொலைத்தவன் மாதிரித் தரையைப் பார்த்தே நடப்பான். எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பான்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். கூடவே எலாஸ்டிக் பட்டைகள் இருக்கும், இரண்டு முனையிலும் கிளிப் தைத்தது. மெத்தைக்கு அடியில் குறுக்கே மாட்டி, விரிப்பின் இரண்டு ஓரத்தையும் கவ்வவிட வேண்டும். எங்கள் மருத்துவமனை வார்டுகளில் இப்படித்தான் செய்வார்கள். நோயாளி புரண்டாலும் விரிப்பு நகராது. இனி அவன் கட்டிலிலேயே படுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். இதெல்லாம் என்னிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தொட மாட்டான். நீங்கள் கொடுக்கிற மாதிரியே கொடுத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டை பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து அதுவேதான் மனதில் ஓடுகிறது. அந்தப் பெயர் நான் வைத்தது. என்னைக் கூப்பிடுவானா, மாட்டானா? நாலு நாளில் வந்துவிடுவாய் என்று சொன்னவளை எதற்குக் கூப்பிடப் போகிறான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பெற்றவளைக் கூப்பிடாமல் வேறு யாரை என்றும் தோன்றுகிறது. அவன் வாயிலிருந்து இதைப் பற்றி ஏதாவது வந்தால் எனக்கு எழுதுங்கள், அண்ணா. எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

பிடித்துவிட்டேன்!

போன ஞாயிறுதான் முதல் தடவையாக வெளியே விட்டார்கள். திறந்துவிட்ட ஆட்டுப்பட்டி மாதிரி கடைக்குள் புகுந்துவிட்டார்கள். உங்கள் படத்தைக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். படத்தில் பாதி முடிதான் இருக்கிறது. முடியைக் கழித்துப் பார்த்தால் வந்த அத்தனை பேரும் உங்கள் மகன்தான். காதை நம்பியும் பயனில்லை. தலையைச் சிரைத்துவிட்டால் எல்லாருக்குமே காது விரிந்துதான் தெரிகிறது.

ஆனால் இத்தனை வருஷம் இந்த வாயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். என் கண்ணுக்குத் தப்பி ஒருவன் போய்விட முடியுமா? கூட்டம் குறைந்த பிறகு வந்தான் ஒருவன். கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். தரையைப் பார்த்தே நடந்தான். இடது கையால் ரொட்டி எடுத்தான். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“உன் பேரு என்னப்பா?” என்றேன், சும்மா சோதிக்க. “நூத்திப் பதினேழுண்ணே” என்றான், விறைப்பாக நின்றபடி. உங்கள் பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். “இது உனக்குத்தான். ஏன், எதுக்குன்னு கேக்காதே.” அவன் அதைத் தொடாமலே நின்றான். “எனக்காண்ணே? நிஜமாவே எனக்கா?” என்று மறுபடி மறுபடி கேட்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டேன். கிளம்பும்போது சொல்லாமலே கடைக் குப்பையைக் கூட்டி அள்ளினான். என் முட்டி வலியைப் பார்த்துவிட்டு ஷட்டரையும் பாதி இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள். நிம்மதியாகத் தூங்குங்கள்.

கடைக்கார அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

குப்பை அள்ளினானா? யார், என் மகனா? இந்த வீட்டில் அவன் குடித்த தம்ளர் அவன் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடக்கும். துடைப்பத்துக்கு எந்தப் பக்கம் பிடி என்று அவனுக்குத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி.

அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தி நடக்காததை ஒரு மாதத்தில் நடத்திக் காட்டிவிட்டார்களே! ராணுவம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். இப்போது எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு மாதம் உள்ளே போட்டு எடுக்கலாம் என்று தோன்றுகிறது.

‘எனக்கா’ என்று கேட்டானாமே, அதை மட்டும் பலமுறை படித்தேன். வேண்டாம் என்றுதான் சொல்வான் என்று நினைத்திருந்தேன். பசி, வலி, தனிமை எல்லாம் சேர்ந்து இளக்கிவிட்டது போலிருக்கிறது. அந்த இளக்கத்தில் எனக்கும் ஒரு துளி இடம் இருக்குமா? இன்னொரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். சாக்ஸ், பவுடர், இன்னும் ஒரு ஜோடி எலாஸ்டிக் பட்டை. முதல் ஜோடி அறுந்துபோனால் மாற்ற வேண்டும் அல்லவா?

அணிவகுப்பு பற்றி நீங்களாக மெதுவாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

தங்கை


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

இரண்டாவது பொட்டலமும் கொடுத்தாயிற்று. உங்கள் எலாஸ்டிக் பட்டை உள்ளே பெரிய பேச்சாகிவிட்டதாம். படுக்கைச் சோதனையில் அதிகாரி விரிப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்தாராம். அவர் ஒன்றும் பேசாமல் நகர்ந்தால் அது பாராட்டு விழா நடத்தியதற்குச் சமம்.

பையன் ஞாயிறு தவறாமல் வருகிறான். மற்றவர்கள் தின்னவும் போனுக்கு வரிசை நிற்கவும் வருகிறார்கள். இவன் என்னோடு பேச வருகிறான். பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பழைய பாட்டெல்லாம் பாடுகிறான். நல்ல குரல்.

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். “அணிவகுப்புக்கு யாரைக் கூப்பிடப் போறே?” என்றேன். சிரித்தான். “கூப்பிட யாரு இருக்கா எனக்கு? பயிற்சியாளர் குத்துவார், போதும்ணே” என்றான். “வீட்ல யாரும் இல்லியா?” என்று விடாமல் கேட்டேன். “வீடே இல்லண்ணே” என்றான்.

கோபத்தில் சொல்கிற பேச்சுதான். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணா,

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

வீடே இல்லை என்று சொன்னானா? சரி. நான் சொன்னது ஒரு வார்த்தை. அவன் என்னை உயிரோடு வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டான். நேற்று வேலையில் இரண்டு அழைப்புகளை மாற்றி இணைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

அழுது முடித்துவிட்டேன். இனிப் பொட்டலம் கிடையாது என்றுதான் முதலில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பிளாஸ்டர் தீர்ந்திருக்கும், அனுப்பியிருக்கிறேன். அவன் கால் என்ன பாவம் செய்தது?

தங்கை


மார்ச் 5

அண்ணா!

இன்று காலை அகாடமியிலிருந்து ஓர் அழைப்பு அட்டை வந்திருக்கிறது. தடித்த அட்டை, மேலே முத்திரை. அணிவகுப்பில் பெயர்ப் பட்டை குத்துவதற்கு வரும்படி என் பெயரைப் போட்டு அழைத்திருக்கிறார்கள். என் பெயர், முகவரி, எல்லாம் அவன் கையெழுத்து. அந்தக் கோழிக் கிறுக்கலை உலகத்தில் வேறு யாராலும் எழுத முடியாது.

கால் தரையில் இல்லை எனக்கு. எதிர்வீட்டுக்காரியிடம் காட்டினேன், பால் கொண்டுவருகிறவரிடம் காட்டினேன், பக்கத்து நாற்காலிக்காரியிடமும் காட்டினேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்த கதையை முழுதாக நானே சொல்லி முடித்தேன்.

மறுபடியும் அட்டையைப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அதில் அவன் எண் போட்டிருக்கிறது. நூற்றுப் பதினெட்டு.

பதினேழு இல்லை, அண்ணா. பதினெட்டு.

குப்பை அள்ளினது யார்? பாட்டுப் பாடினது யார்? என் மகனுக்குத் தாலாட்டுக்கும் சங்கு ஊதுவதற்கும் வித்தியாசம் தெரியாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு மாதமாக யார் வீட்டுப் பிள்ளைக்கு நான் சாக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன்? கண்ணுக்குத் தப்பாது, கண்ணுக்குத் தப்பாது என்று எழுதினீர்களே, அந்தக் கண்ணை எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல டாக்டர் இருக்கிறார்.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் செய்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டே திட்டுகிறேன். என்னை இல்லை என்று சொன்னது அவன் இல்லையே! அப்பாடா!

தங்கை


மார்ச் 12

தங்கச்சிக்கு,

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். நான் யானையும் இல்லை, இது சறுக்கலும் இல்லை. குப்புற விழுந்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லலாம். நீங்கள் அடிக்க வருவீர்கள்.

இந்த ஞாயிறு நூற்றுப் பதினெட்டுக்காகவே வாசலில் நின்றேன். வந்தான். இதுவரை ஞாயிறுகளில் அறையிலேயே துணி துவைத்துக்கொண்டு இருந்துவிடுவானாம். அன்றைக்கு ஷூ பாலிஷ் தீர்ந்துபோனதால் வந்திருக்கிறான். அதே உயரம், அதே இடது கை, அதே தரையைப் பார்க்கிற நடை. இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினால் என்னைப் பெற்றவளே வந்தாலும் குழம்புவாள். பிளாஸ்டர் பொட்டலத்தை நீட்டினேன். “வேணாம்ணே, எல்லாம் இருக்கு” என்றான். மறுபடி நீட்டினேன். “சொன்னேன்ல” என்றான். பாலிஷை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சந்தேகமே வேண்டாம், உங்கள் பிள்ளைதான்.

இப்போது என் தலைவலியைக் கேளுங்கள். அவன் போன பிறகு பதினேழு வந்தான். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நெளிந்தான். அழைப்புக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாளாம். “உங்க பேரைக் குடுத்துட்டேன்ணே. திட்டாதீங்க. நீங்கதானே எனக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துக் குடுத்தீங்க” என்றான். அவன் அனாதை விடுதியில் வளர்ந்தவன், தங்கச்சி. வீடு இல்லை என்று அவன் சொன்னது கோபத்தில் இல்லை. அது நிஜம்.

நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? ஒரு சாக்ஸ்கூட என்னுடையது இல்லை. வாங்கிக் கொடுத்தவர் நீங்கள், பெயர் எனக்கு. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தும் அந்த வாயிலுக்குள் நான் காலடி வைத்ததில்லை. முதல் தடவை போவது திருட்டுப் பட்டத்தோடா? அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

சொன்னேன்ல என்றானா? அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! உள்ளதைச் சொல்கிறேன், நீங்கள் எழுதி அனுப்பிய அந்தத் தங்கமான பிள்ளையைப் படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மூலையில் பயமும் இருந்தது. இவ்வளவு மாறியவனிடம் நான் என்ன பேசுவேன் என்று. இப்போது பயம் போய்விட்டது. முரட்டுப் பயல் அப்படியே இருக்கிறான்.

இனி உங்கள் விஷயம். அவனிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். சாக்ஸ் அனுப்பியது நான்தான். ஞாயிறுதோறும் அவன் பாட்டைக் கேட்டது நானா? அவனுக்குக் கண் கலங்கியபோது பார்க்காத மாதிரி திரும்பி நின்றது நானா? எனக்கு அவன் முகமே தெரியாது. அவன் சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறான். நீங்கள் போகாவிட்டால் ஒரு பயிற்சியாளர் வந்து அவன் பெயரைக் குத்திவிட்டுப் போவார். என் மகனுக்கு அப்படி ஆகிவிடுமோ என்று இரண்டு மாதம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அவனுக்கு ஆக விடாதீர்கள்.

சட்டைக்கு இஸ்திரி போடுங்கள். கடையைப் பூட்டுங்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து வையுங்கள்.

தங்கை


மார்ச் 21

தங்கச்சிக்கு,

உத்தரவு. புதுச் சட்டையே வாங்கிவிட்டேன். என் கடையில் கறுப்பு, வெள்ளை, பச்சை தவிர வேறு நிறம் கிடையாது என்பதால் வேறு கடையில் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் கடைக்காரன் என் அளவைத் தப்பாகக் கணித்துவிட்டான். இந்தக் கடைக்காரர்களின் கண்ணையே நம்பக் கூடாது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, அந்தப் பெருந்தன்மைக்காக. பையன்கள் அணிவகுத்து வந்ததும் நான் எழுந்து நின்று கையை ஆட்டினேன். இரண்டாவது வரிசையில் ஓரமாக நின்றவனைப் பார்த்து, அழுதுகொண்டே, கை வலிக்கும்வரை ஆட்டினேன். பட்டை குத்த இறங்கி நேராக அவனிடம்தான் போனேன். அவனும் பாவம், ஆடாமல் அசையாமல் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். நாலு ஆள் தள்ளி, “அம்மா, இங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. பத்து மாதம் சுமந்தவளுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பள்ளிக்கூடப் படத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் கண்ணைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஓடிப்போய் அவசரமாகப் பட்டையைக் குத்தினேன். ஊசி அவன் மார்பில் குத்திவிட்டது. “வந்துட்டியா” என்றான். “கூப்பிட்டே, வந்தேன்” என்றேன். “வேற யாரைக் கூப்பிடுவேன்?” என்றான், என்னமோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். பதினேழுக்கு நீங்கள் பெயரைக் குத்திக்கொண்டிருந்தீர்கள். குத்தி முடித்த பிறகும் பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். அவன் உங்களைக் குனிந்து பார்த்தான். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்களிடமிருந்து கற்றதுதான்.

கூட்டம் வரும் என்று நீங்கள் கடை திறக்க ஓடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெற்றோருக்கு அறைகளைக் காட்டினார்கள். நீளக் கூடம், வரிசையாகக் கட்டில். அவன் கட்டிலில் உட்காரப் போனேன். “உக்காராதே, சுருங்கிடும்” என்று அலறினான். அடுத்த கணம் அவனே சிரித்தான். “இல்ல, உக்காரு. இது சுருங்காது.” மெத்தையைத் தூக்கிக் காட்டினான். கீழே குறுக்கே என் எலாஸ்டிக் பட்டை, என் தையல்.

“இது ஏதுப்பா?” என்றேன்.

“பக்கத்துக் கட்டில் பதினேழு குடுத்தான்மா. அவன்கிட்ட ரெண்டு ஜோடி இருந்துச்சு” என்றான். அங்கே உயர வரிசைப்படிதான் கட்டில் கொடுப்பார்களாம். அதனால் சேர்க்கை நாளிலிருந்தே இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வந்த முதல் வாரம் இவன் இருந்த ஒரே ஜோடி சாக்ஸை ஈரத்தோடு போட்டுக்கொண்டு நொண்டியிருக்கிறான். பதினேழிடமும் அப்போது கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் கையால் பொட்டலம் வந்த அன்றைக்கே அவன் அதைக் கட்டில்மேல் கொட்டிச் சரிபாதியாகப் பிரித்தானாம். சாக்ஸில் பாதி, பவுடரில் பாதி, இரண்டு பூட்டில் ஒன்று. ஒவ்வொரு பொட்டலமும் அப்படித்தான். நம் முரடன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். “அவன்கிட்ட அது நடக்காதும்மா. வாங்கிக்கலைன்னா பாட ஆரம்பிச்சிடுவான்” என்றான்.

அதன் பிறகுதான் உங்கள் புகழ் ஆரம்பித்தது. “எதிர்க்கடைக்காரர் ஒருத்தர் இருக்கார்மா, பதினேழுக்குப் பட்டை குத்தினாரே, அவர்தான். என்ன மூளை தெரியுமா! ஒரு பையனுக்கு எது வேணும், எது வேணாம்னு அச்சுல வார்த்த மாதிரி தெரிஞ்சு வச்சிருக்கார். இந்த எலாஸ்டிக் பட்டை அவர் கண்டுபிடிச்சதுதான். இதைப் பார்த்து எல்லாரும் தைச்சுக்கிட்டாங்க. எங்க ப்ளாட்டூனே கட்டில்ல படுக்குதுன்னா அவராலதான். நீயும்தான் கட்டினே ஒரு பெட்டி!”

வாய்வரை வந்துவிட்டது, அண்ணா. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும், அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கலாம். ஆனால் அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு வருஷத்தில் பேசாததை அந்த அரை மணியில் பேசினான். “ஆமாம்பா, எனக்கு என்ன தெரியும்? இன்னும் என்னென்ன குடுத்தார் அந்த அண்ணன், சொல்லு” என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் விடுமுறைக்கு அவனும் பதினேழும் சேர்ந்து இங்கே வருகிறார்கள். இங்கேயும் அவன் உங்களைத்தான் புகழப் போகிறான். புகழட்டும், எனக்குக் காது குளிர்கிறது.

தங்கை